4/7-ஆம் ராயல் டிராகூன் கார்ட்ஸ்: நீந்தும் டாங்கிகள்

இரண்டாம் உலகப்போரில் நீந்தும் டாங்கிகளுடன் நார்மண்டிப் படையெடுப்புக்குத் தயாரான பிரிட்டிஷ் கவசப் படைப்பிரிவு. இரண்டு பழைய குதிரைப்படைகளை இணைத்து 1922-இல் இது அமைக்கப்பட்டது. 1938-இல் குதிரைகளை விட்டு வாகனங்களுக்கு மாறியது. 1940-இல் பிரான்சில் போரிட்டு, டன்கிர்க் வழியாக நாடு திரும்பியது.

1943-இல் மேஜர் ஜெனரல் பெர்சி ஹோபார்ட்டின் 79-ஆவது கவச டிவிஷனில் இருந்தபோது இப்பிரிவுக்குப் புதிய வேலை வந்தது. கரையில் இறங்கும் காலாட்படைக்கு முதல் நிமிடத்திலேயே டாங்கித் துணை வேண்டும். அதற்கு டாங்கி தானே நீந்தி வர வேண்டும். ஹங்கேரியில் பிறந்த பொறியாளர் நிக்கோலஸ் ஸ்ட்ராஸ்லர் அதற்கு வழி கண்டிருந்தார். டாங்கியைச் சுற்றிக் கித்தான் திரை. அதை நிமிர்த்திப் பிடிக்கக் காற்றடைத்த ரப்பர் குழாய்கள். பின்புறம் எஞ்சின் விசையில் சுழலும் புரொப்பெல்லர். இரும்பு உடல் முழுவதும் நீர்மட்டத்துக்குக் கீழே கிடக்கும். மேலே தெரிவது கித்தானின் விளிம்பு மட்டுமே, அதுவும் ஒரு மீட்டருக்கும் குறைவாக. ஓட்டுநர் உள்ளே இருக்க, கமாண்டர் மேலே நின்று திரைக்கு வெளியே பார்த்து வழி சொல்வார். கரை தொட்டதும் திரையைச் சரித்துவிட்டால் அது மீண்டும் சண்டை டாங்கி.

கிழக்கு இங்கிலாந்தின் ஃபிரிட்டன் ஏரியில் ரகசியமாக நீந்தப் பழகினார்கள். மூழ்கும் டாங்கியிலிருந்து வெளியேற, நீர்மூழ்கிக் கப்பல்காரர்கள் பயன்படுத்தியதைப் போன்ற சுவாசக் கருவியுடன் தனிப் பயிற்சி உண்டு. ஆனால் ஏரி நீர் வேறு, கடல் வேறு. 1944 ஏப்ரல் 4 அன்று டார்செட்டின் ஸ்டட்லண்ட் விரிகுடாவில், 'ஸ்மாஷ்' என்ற ஒத்திகையின்போது காற்று வலுத்தது. அலை கித்தானைத் தாண்டியதும் அப்போது இப்பிரிவு பயன்படுத்திய வாலண்டைன் ரக டாங்கிகள் சில மூழ்கின. ஆறு வீரர்கள் மாண்டனர். பயிற்சிதானே என்று கடந்துபோக முடியாத இழப்பு இது. அவர்கள் நினைவாக அங்குள்ள ஃபோர்ட் ஹென்றியில் கல் நாட்டப்பட்டிருக்கிறது. மூழ்கிய டாங்கிகள் 2019 முதல் சட்டப் பாதுகாப்பில் உள்ளன.

படையெடுப்புக்கு முன்பே பிரிவு 8-ஆவது கவச பிரிகேடுக்கு மாற்றப்பட்டது. வாலண்டைனுக்குப் பதில் முப்பது டன்னுக்கு மேல் எடையுள்ள ஷெர்மன் டாங்கி வந்தது. படையெடுப்பு நாளான 1944 ஜூன் 6 காலை நார்மண்டியின் கோல்டு கடற்கரையின் கிங் பகுதிக்கு வந்தபோது கடல் கொந்தளித்தது. டாங்கிகளை நீந்த விடாமல் தரையிறங்கு கலங்கள் கரைவரை கொண்டுபோய் இறக்கின. மாதக்கணக்கில் பழகிய வித்தையைக் கைவிட்டதுதான் அன்றைய சரியான முடிவு. அதே நாளில் நார்மண்டியின் ஒமாஹா கடற்கரையில் அமெரிக்காவின் 741-ஆவது டாங்கிப் படை கரையிலிருந்து தொலைவிலேயே 29 டாங்கிகளை நீரில் இறக்கியது, 27 மூழ்கின. ஸ்டட்லண்டின் பாடத்தை இதைவிடக் கடுமையாகச் சொல்லும் கணக்கு வேறில்லை.

கிங் பகுதியில் இறங்கிய ஷெர்மன்கள் 69-ஆவது பிரிகேடின் காலாட்படைக்குத் துணையாக உள்நாட்டுக்குள் முன்னேறின. நீந்தும் டாங்கிகளை வேறு பிரிவுகள் 1945 மார்ச்சில் ரைன் நதியைக் கடக்கவும் பயன்படுத்தின. இப்பிரிவு 1992-இல் மற்றொரு டிராகூன் பிரிவுடன் இணைந்து ராயல் டிராகூன் கார்ட்ஸ் ஆனது.