கிங்ஸ்டன் புரூச்

இங்கிலாந்தின் தென்கிழக்கில் கெண்ட் என்னும் பகுதி உளது. அங்குக் கிங்ஸ்டன் என்னும் சிற்றூரின் மேட்டுநிலத்தில், 1771ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 5ஆம் நாள், பெண்ணொருத்தியின் புதைகுழி தோண்டப்பெற்றது. தோண்டுவித்தவர் பிரையன் ஃபாசெட் என்னும் பாதிரியார். அக்குழியில் ஏறத்தாழ எட்டரை சென்டிமீட்டர் குறுக்களவுடைய வட்டமான பொன்னணி ஒன்று கிடைத்தது. அது மேலாடையைச் சேர்த்துப் பூட்டும் ஊசி; ஆங்கிலத்தில் 'புரூச்' என்பர். மலாய்ப் பெண்டிர் கெபாயாவின் முன்புறத்தைப் பூட்டும் கெரோசாங்கைக் கண்டவர்க்கு இதன் பயன் எளிதில் விளங்கும்.

ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்த பொற்கொல்லன் ஒருவனின் கைவண்ணம் அது. மெல்லிய பொற்றகட்டை நிறுத்திச் சிறுசிறு அறைகளாகக் கட்டி, அவற்றுள் சிவந்த கார்னெட் கற்களையும் நீலக் கண்ணாடியையும் வெண்ணிறச் சிப்பியையும் பதித்துள்ளான். கார்னெட்டின் அடியில் கோலமிட்ட பொற்றகடு உண்டு. கல்லை ஊடுருவிய ஒளி அதிற் பட்டு மீளும்போது, கல் உள்ளிருந்தே கனல்வதுபோல் தோன்றும். இவற்றினும் வியப்பளிப்பது பின்புறமே. அணியும்போது பிறர் கண்ணிற் படாத ஊசித்தலையையும் அவன் அணிசெய்யாது விடவில்லை!

அக்காலத்து ஐரோப்பிய அணிகளிற் பதித்த கார்னெட்டுகளிற் பல, இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் சென்றவை என இக்கால வேதியியல் ஆய்வுகள் காட்டுகின்றன. ஆயினும் ஏழாம் நூற்றாண்டளவில் பொகீமியக் கற்களே மிகுந்தன. ஆதலின் இவ்வணியை நம் நாட்டோடு இணைத்துப் பெருமை பேச விரைதல் கூடாது.

ஃபாசெட் 1757க்கும் 1773க்கும் இடையில் எழுநூற்றுக்கு மேற்பட்ட புதைகுழிகளைத் தோண்டினார். அவற்றுட் கிடந்தோர் உரோமானியப் பண்பாட்டைத் தழுவிய பிரிட்டானியர் என்றே அவர் கருதினார். அவர் 1776இல் மறைந்தபின், 1793இல் வெளிவந்த நூலில் ஜேம்ஸ் டக்ளஸ் என்பார், இத்தகைய புதைகுழிகள் ஆங்கிலோ-சாக்சனியருடையவை என நிறுவினார். முடிவு பிழைபட்டும் ஃபாசெட்டின் உழைப்பு வீணாகவில்லை. எக்குழியில் எப்பொருள் கிடைத்தது என்பதை அவர் குழிதோறும் குறித்து வைத்திருந்தார். பொன்னை மட்டும் எடுத்துக்கொண்டு குழியை மூடிய புதையல் வேட்டையாளர் பலர் வாழ்ந்த காலம் அது.

இத்தொகுப்பு விற்பனைக்கு வந்தபோது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் அறங்காவலர் அதனை வாங்க மறுத்தனர். கிரேக்க, உரோமானியச் சிலைகளுக்கு இருந்த மதிப்பு, சொந்த முன்னோரின் புதைகுழிப் பொருளுக்கு அந்நாளில் இல்லை. லிவர்பூல் பொன்வணிகர் ஜோசப் மேயர் 1854இல் அதனை வாங்கினார். ஃபாசெட்டின் குறிப்புகளை சார்லஸ் ரோச் ஸ்மித் பதிப்பிக்க, அவை 1856இல் நூலாயின. 1867இல் மேயர் தம் தொகுப்பு முழுவதையும் லிவர்பூல் நகருக்கே வழங்கினார்.

இத்தகைய குறிப்புகள் பல இடங்களிலும் திரண்டபின்னரே வேறொரு செய்தி புலனாயிற்று. 731இல் தம் வரலாற்றை முடித்த பீடு என்னும் துறவி, ஆங்கிலர், சாக்சனியர், ஜூட்டர் என மூவகையினர் குடியேறியதாக எழுதினார். சிலுவை வடிவப் புரூச்சுகள் ஆங்கிலர் பகுதியிலும், தட்டுப்போன்ற வட்டப் புரூச்சுகள் சாக்சனியர் பகுதியிலும் மிகுந்து கிடைக்கின்றன. எனினும் அண்டை ஊரின் அணியை விரும்பி அணிந்த பெண்கள் அக்காலத்திலும் இருந்திருப்பர்; ஊசியை மட்டும் கொண்டு ஒருத்தியின் குலத்தைத் துணிதல் இயலாது.

எளிய வெண்கலப் புரூச்சுகளும் ஆய்வாளர்க்கு அரியவையே. அவற்றின் இரும்பு ஊசி துருப்பிடிக்கையில், அதனைத் தொட்டுக்கொண்டிருந்த துணியின் நெசவுத்தடம் துருவிற் பதிந்துவிடுகிறது. ஆடை மண்ணாகிப் பல நூற்றாண்டுகள் கடந்தும், இழை முறுக்கப்பட்ட திசையையும் நெய்த முறையையும் அத்தடத்திலிருந்து அறிய முடிகிறது. முற்காலத்தில் பளபளப்பை விரும்பித் துருவைச் சுரண்டிய ஊசிகளில் இத்தடத்தைக் காண இயலாது.