நேரியல் சார்பும் சாய்வும்: ஸ்டுட்கார்ட் பள்ளிகளில் பாடமும் வீட்டுப்பாட உதவியும்

ஓர் அளவு சீராகக் கூடும்போது அதைச் சார்ந்த மற்றோர் அளவும் மாறாத வீதத்தில் கூடவோ குறையவோ செய்தால், அத்தொடர்பு நேரியல் சார்பு எனப்படும்; அதன் வரைபடம் ஒரு நேர்கோடாக அமையும். அக்கோட்டின் ஏற்ற இறக்க வீதத்தைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் சாய்வு என்றும், இலங்கைப் பாடநூல்கள் படித்திறன் என்றும் குறிக்கின்றன. இரு புள்ளிகளுக்கு இடையே ஏறிய உயரத்தைக் கிடைமட்டத் தொலைவால் வகுத்தால் சாய்வு கிடைக்கும். கோடு செங்குத்து அச்சைச் சந்திக்கும் அளவு வெட்டுத்துண்டு எனப்படும். ஜெர்மனியின் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் இப்பாடம் ஏழாம், எட்டாம் வகுப்புகளில் இடம்பெறுகிறது. அம்மாநிலத்தின் தலைநகரான ஸ்டுட்கார்ட்டில், பாடநூலில் உள்ள சாய்வை மாணவர் அன்றாடம் காலால் ஏறியே அறிந்திருக்கின்றனர் என்பது கவனிக்கத்தக்கது.

நகரின் மையம் குன்றுகள் சூழ்ந்த பள்ளத்தில் அமைந்துள்ளதால், சரிவுகளை ஏறிக் கடக்க ஸ்டெஃபெலே எனப்படும் படிக்கட்டுப் பாதைகள் 400-க்கும் மேற்பட்டவை உள்ளன. படிக்கட்டு, சாய்வைக் கையால் அளக்கத்தக்க மிக எளிய சான்று: ஒரு படியின் உயரம் 15 செ.மீ., கால் வைக்கும் பகுதியின் அகலம் 30 செ.மீ. எனில் சாய்வு 0.5, படிகள் பத்தானாலும் நூறானாலும் அந்த எண் மாறுவதில்லை. ஜெர்மன் ஆசிரியர்கள் கோட்டின் கீழே வரையும் 'சாய்வு முக்கோணம்' இந்தப் படியின் வடிவமே ஆகும். முக்கோணத்தைப் பெரிதாக வரைந்தால் விடையும் பெரிதாகும் என்று எண்ணும் மாணவரை, அடுத்த படியையும் அளக்கச் சொல்வதே போதுமான திருத்தம்.

நகரத்தின் பெயர்பெற்ற சரிவு, 1884-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டதும் மக்களால் 'ட்ஸாக்கே' என்று அழைக்கப்படுவதுமான பல்சக்கர ரயில் பாதையாகும். மரியன்பிளாட்ஸிலிருந்து மேட்டுப் பகுதியான டேகெர்லோக் வரை ஏறத்தாழ 2.2 கி.மீ. நீளத்தில் சுமார் 205 மீட்டர் உயரம் ஏறும் இந்த ரயில் இன்றும் நகரப் போக்குவரத்தின் 10-ஆம் எண் தடமாக ஓடுகிறது. முன்னால் இணைக்கப்பட்ட திறந்த வண்டியில் மிதிவண்டிகளையும் மேல்நோக்கி ஏற்றிச் செல்கிறது. 205-ஐ 2,200-ஆல் வகுத்தால் சராசரிச் சாய்வு ஏறக்குறைய 0.093, அதாவது 9.3 விழுக்காடு. அதன் மிகச் செங்குத்தான பகுதியிலோ சாய்வு 17.8 விழுக்காட்டை எட்டுகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் நீலகிரி மலை ரயிலின் மிகக் கடினமான பகுதி ஏறத்தாழ பன்னிரண்டுக்கு ஒன்று, அதாவது 8 விழுக்காட்டைச் சற்றே தாண்டுவது என்பதோடு ஒப்பிட்டால் ஸ்டுட்கார்ட் ஏற்றத்தின் கடுமை விளங்கும்.

இதே பாதையைக் கொண்டு வெட்டுத்துண்டையும் குறி மாற்றத்தையும் விளக்க இயலும். கீழ் நிலையத்தைத் தொடக்கமாகக் கொண்டால், பாதையை ஒரே சீரான சரிவாக எண்ணி, உயரம் = 0.093 × தொலைவு என எழுதலாம், வெட்டுத்துண்டு பூச்சியம். டேகெர்லோக்கிலிருந்து இறங்கும் பயணியின் கணக்கில் அது உயரம் = 205 − 0.093 × தொலைவு என்றாகும். வெட்டுத்துண்டு 205, சாய்வு குறை எண். உயரம் பூச்சியமாகும் இடத்தைத் தேடினால் 2,204 மீட்டர் என்று வருவது தவறன்று. சாய்வை மூன்று தசம இடத்துக்கு முழுமையாக்கியதன் விளைவே அந்த 4 மீட்டர். மெய்யான பாதையின் சரிவு இடத்துக்கு இடம் வேறுபடுவதால் அது கண்டிப்பான பொருளில் நேரியல் சார்பு அன்று. ஓரிடத்தின் சாய்வு எது என்னும் அந்தக் கேள்வியே மேல்வகுப்பில் வகைக்கெழுவாக வளர்கிறது.

மாணவர் செய்யும் பிழைகளில் ஒன்று, கிடைத்தொலைவுக்குப் பதிலாகச் சரிவின் நீளத்தால் வகுப்பது. மேலே ரயில் பாதைக்குச் செய்த கணக்கும் கண்டிப்பாகப் பார்த்தால் அவ்வகையே. ஆனால் மென்சரிவில் வேறுபாடு அற்பம். 1929-இல் திறக்கப்பட்ட, ஹெஸ்லாக் பகுதியிலிருந்து வனக் கல்லறைத் தோட்டத்துக்கு ஏறும் கம்பிவட ரயிலின் பாதை 536 மீட்டர் நீளமும் 87 மீட்டர் ஏற்றமும் உடையது. சரிவு நீளத்தால் வகுத்தால் 16.2 விழுக்காடு, பிதகோரசு தேற்றத்தால் கிடைத்தொலைவைச் சுமார் 529 மீட்டர் எனக் கண்டு வகுத்தால் 16.4. சரிவு கூடக்கூட இந்த இடைவெளி விரியும். 100 விழுக்காடு என்பது செங்குத்துச் சுவர் என்று கருதுவது மற்றொரு பிழை. உண்மையில் அது 45 பாகைக் கோணமே, செங்குத்துக் கோட்டுக்குச் சாய்வே வரையறுக்கப்படுவதில்லை.

சாய்வின் சிறு எண்கள் அற்பமானவை அல்ல என்பதற்கு, ஸ்டுட்கார்ட் 21 என்னும் ரயில் திட்டத்தின் நிலத்தடி நிலையம் சான்று. அதன் நடைமேடைத் தடங்கள் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 15 என்ற சரிவில் அமைந்துள்ளன. ஜெர்மன் ரயில்வே விதிகள் புதிய நிலையத் தடங்களுக்கு ஆயிரத்துக்கு 2.5-ஐ மீறாமையைப் பரிந்துரைக்கின்றன. 400 மீட்டர் நீள நடைமேடையில் முதலாவது ஆறு மீட்டர் உயர வேறுபாட்டையும் இரண்டாவது ஒரு மீட்டரையும் தரும். திட்டத்தின் மீது எழுந்த நீண்ட விவாதத்தில் இந்த எளிய பெருக்கலுக்கும் பங்கு உண்டு.

தாய்மொழியில் கணிதம் படித்துப் புலம்பெயர்ந்த பெற்றோர் பிள்ளைக்கு உதவ முற்படும்போது தடையாவது கணிதத்தைவிட எழுதும் முறையே. ஜெர்மன் ஏடுகளில் தசமப் புள்ளிக்குப் பதிலாகக் காற்புள்ளியும், புள்ளியின் ஆயத்தொலைவுகளுக்கு இடையே செங்குத்துக் கோடும், வகுத்தலுக்கு இரட்டைப் புள்ளியும் இடப்படும். சாய்வு நான்கில் மூன்று எனில், வெட்டுத்துண்டிலிருந்து நான்கு கட்டம் வலப்புறம், மூன்று கட்டம் மேலே என்பதே வகுப்பறையின் வாய்ப்பாடு. பெற்றோர் கற்ற சூத்திரத்தை உடனே திணிப்பதைவிட இந்த வாய்ப்பாட்டைப் பிள்ளையின் வாயால் சொல்லக் கேட்பது மேலானது. விடையை எழுதிக் கொடுக்கும் உதவி, அடுத்த தேர்வில் அதே வெற்றிடத்தையே காட்டும்.

பள்ளிக்கு வெளியே கட்டணத் தனிப்பயிற்சி நிலையங்கள் பல உண்டு. கட்டணம் செலுத்த இயலாத குடும்பங்களுக்காக 2011-இல் கல்வி மற்றும் பங்கேற்பு உதவித் தொகுப்பு என்னும் கூட்டரசுத் திட்டம் தொடங்கப்பட்டது. சமூக உதவி, வீட்டு வாடகை உதவி, பிள்ளைகளுக்கான கூடுதல் உதவி ஆகியவற்றுள் ஒன்றைப் பெறுவோர் தனிப்பயிற்சிச் செலவுக்கும் விண்ணப்பிக்கலாம். 2019-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பின், பிள்ளை தோல்வியின் விளிம்பில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. கூடுதல் பயிற்சி தேவை என்பதைப் பள்ளி உறுதிப்படுத்தினால் போதும்.