வள்ளியம்மை மாளிகைக்குப் போகும் சேலை

காஞ்சிபுரத்துக் கூட்டுறவுச் சங்கங்களிடம் சேலை வாங்கி விற்கும் கோ-ஆப்டெக்ஸின் தலைமையகம் சென்னை எழும்பூர் பாந்தியன் சாலையில் இருக்கிறது. 1935இல் கைத்தறி நெசவாளர்களின் கூட்டுறவாகத் தொடங்கிய அமைப்பு அது. நெய்கிறவருக்கும் உடுத்துகிறவருக்கும் நடுவே முதலாளி நிற்கக் கூடாது என்பது அதன் எண்ணம். கட்டடத்தின் பெயர் தில்லையாடி வள்ளியம்மை மாளிகை.

வள்ளியம்மை தில்லையாடியில் பிறந்தவள் அல்ல. அது அவள் குடும்பத்தின் பூர்வீக ஊர். 1898இல் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து, சத்தியாக்கிரகத்தில் சிறை சென்று, காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று பதினாறு வயதில் இறந்தாள். மேடைகளில் அந்தச் சாவைத்தான் உருக்கமாகச் சொல்வார்கள். பெண்கள் ஏன் சிறைக்குப் போனார்கள் என்பதை வேகமாகக் கடந்துவிடுவார்கள். கிறித்தவ முறைப்படி நடந்து பதிவாகாத திருமணங்கள் செல்லாது என்று 1913இல் அங்கே ஒரு தீர்ப்பு வந்தது. அரசின் ஏட்டில் தம் பெயர் என்னவாக இருக்கிறது என்ற கேள்வியும் அந்தப் பெண்களைத் தெருவுக்கு இழுத்தது.

ஏடு என்றதும் எனக்கு எங்கள் ஊர்ச் சங்கங்களின் ஏடுகள் நினைவுக்கு வருகின்றன. பாவும் ஊடையும் ஜரிகையும் உறுப்பினர் பெயரில் எடை போட்டுத் தரப்படும். சேலை முடிந்ததும் அவர் கொண்டுபோய்க் கொடுப்பார். அங்கே விரித்துப் பார்ப்பார்கள்; எடை சரியா, இழை அறுந்திருக்கிறதா, கரை ஒழுங்காகச் சேர்ந்திருக்கிறதா என்று. கூலி சேலைக்குத்தான், அது உறுப்பினர் கணக்கில் ஏறும். நான் அறிந்த வீடுகளில் அந்த உறுப்பினர் பெரும்பாலும் ஆண். சேலை அங்கே போய்ச் சேருமுன் நடந்ததெல்லாம் வேறு கைகளின் வேலை. ராட்டையில் தார் சுற்றியது மனைவி. புதுப் பாவின் ஆயிரக்கணக்கான இழைகளைப் பழைய பாவின் நுனிகளோடு ஒவ்வொன்றாகப் பிணைக்கும்போது உட்கார்ந்தது மாமியாரோ மகளோ. கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா வேண்டும். ஒற்றை ஆளால் நெய்ய முடியாது, பக்கத்தில் இன்னொருவர் இருந்தே ஆக வேண்டும். காஞ்சிப் பட்டின் பெருமையே அந்தக் கோர்வைதான். அந்த இன்னொருவர் பல காலம் பள்ளிக்குப் போக வேண்டிய பிள்ளையாக இருந்தார் என்பது ஊர் அறிந்த சங்கதி.

என் வகுப்புக்கு வரும் நெசவு வீட்டுப் பிள்ளைகள் கல்லூரிப் படிவத்தில் அப்பாவின் தொழில் 'நெசவு' என்றும் அம்மாவின் தொழில் 'இல்லத்தரசி' என்றும் எழுதுகிறார்கள். தென்னாப்பிரிக்காவில் மனைவி இல்லை என்றாக்கினார்கள். இங்கே மனைவி மட்டும்தான் என்றாக்கிவிட்டோம்.

2010களில் கோ-ஆப்டெக்ஸ் ஒரு நல்ல காரியம் செய்தது. பட்டுச் சேலையோடு அதை நெய்தவரின் படமும் விவரமும் கொண்ட அட்டையை வைத்துக் கொடுத்தது. வாங்குகிறவர் முதன்முறையாக ஒரு முகத்தைப் பார்த்தார். தறியில் உட்காரும் பெண்களும் உண்டு, அவர்கள் முகமும் அட்டைக்கு உரியதுதான். ஆனால் தார் சுற்றியவர், இழை பிணைத்தவர், பக்கத்தில் நின்று நாடா தள்ளியவர் நெய்தவராக எண்ணப்படுவதில்லை.

2019-20 அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு துணைவேலை செய்வோரையும் தொழிலாளர் என்றே எண்ணியது. மொத்தம் சுமார் 35 லட்சம் பேர்; அவர்களில் 72 விழுக்காட்டினர் பெண்கள்.