வேர் அடைபட்ட பல்

கண்டி மாநகர் ஒரு பல்லினாற் புகழ்பெற்றது. முதலாம் விமலதர்மசூரிய மன்னன் (1592–1604) புத்தபிரானின் தந்த தாதுவை இங்கு கொணர்ந்து மாளிகை சமைத்தான். அந்நகரின் அயலிலுள்ள பேராதனையிலேயே மக்களின் பற்களைப் பேணும் கல்வியும் நிலைபெற்றது. கொழும்பில் 1943இல் தொடங்கிய பல் வைத்தியப் பட்டக் கல்வி 1954இல் இங்கு இடம்பெயர்ந்தது. நாட்டின் ஒரே பல் வைத்தியப் பீடமாக இது நெடுங்காலம் விளங்கிற்று.

பல்லைப் பிடுங்குதல் பழங்கலை, காத்தல் புதுக்கலை. அப்புதுக்கலையின் ஆற்றலைச் சோதிப்பது வேர்க்குழாய் அடைபட்ட பல்லாகும். பல்லின் நடுவே நரம்பும் குருதிக்கலன்களும் பொருந்திய பற்கூழ் உளது. அது தன்னைச் சூழப் பன்முதல் என்னும் வன்பொருளை வாழ்நாள் முழுவதும் படிவிக்கும். வீழ்ந்து அடிபட்ட பல்லில் இப்படிவு விரைவுற, குழாய் மயிரிழையென ஒடுங்கும். பல்லும் மஞ்சள் நிறமுறும். இவ்வொடுக்கம் மாத்திரம் நோயன்று. அத்தகைய பல்லைத் தீண்டாது விடுதலே முறை. ஆயின், பின்னர்ப் பற்கூழ் இறந்து வேர்நுனியிற் சீழ் கட்டுமாயின் இடர் தோன்றும். பல்முடி வழியே ஊசி செலுத்தித் துப்புரவாக்க வழியிராது. வலிந்து செலுத்தினால் ஊசி முறியும். அன்றேல் வேர் துளைபடும். முற்காலத்தில் இத்தகைய பல்லுக்குக் குறடே முடிவாயிற்று.

முன்வாயில் அடைபட்டவிடத்து அறிஞர் பின்வாயிலை நாடினர். வேர்நுனியை வெட்டிப் பல்லைக் காக்கும் முறையை அமெரிக்கரான பாரர் 1884இல் எழுதினார். அக்கால ஜெர்மனியின் பிரெஸ்லௌ நகரில் பார்ட்ஷ் என்பார் அதனைச் செம்மைப்படுத்தினார். 1895இல் றொன்ற்கன் கண்ட எக்ஸ் கதிர், மறைந்திருந்த வேரைக் கண்ணுக்குப் புலனாக்கிற்று. இச்சிகிச்சையில் முரசை விலக்கி, என்பிற் சிறு வாயில் திறந்து, நோயுற்ற இழையத்தை அகற்றுவர். வேர்நுனியில் ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் வெட்டி, எஞ்சிய குழாயைப் பின்புறமிருந்தே அடைப்பர். முன்னர் இதற்கு இரசக்கலவை பயன்பட்டது. 1990களில் கலிபோர்னியாவிலே தொரபிநெஜாத் குழுவினர் ஈரத்திலும் இறுகும் ஒருவகைச் சீமெந்தை அறிமுகப்படுத்தினர். நுணுக்குக்காட்டியும் துணைநின்றமையால் வெற்றி மிகுந்தது. அந்நுணுக்குக்காட்டியே, சத்திரமின்றி முன்வாயிலைக் கண்டறியவும் பலகால் உதவுகின்றது. ஆதலின் முதலில் அவ்வழியை முயன்று, இயலாவிடத்தே கத்தியை எடுத்தல் நெறி.

பற்சீரமைப்பும் வாய்ச் சத்திரசிகிச்சையும் ஒருங்கே பயிலப்படும் பேராதனையில், ஜப்பானிய அரசின் உதவியாற் புதிய பல் வைத்தியசாலை 1998இல் எழுந்தது. எனினும் கருவியும் கட்டடமும் மாத்திரம் பல்லைக் காப்பனவல்ல. சிறுவயதில் அடிபட்ட பல், வலியின்றிப் பல்லாண்டு கழிந்த பின்னரே சீழ் கொள்ளுதலும் உண்டு. அத்தகைய பல்லைக் காலந்தோறும் வைத்தியரிடம் காட்டுவோரே இக்கலையின் முழுப்பயனை எய்துவர்.