புகழ்பெற்ற நாவல்கள்: படித்தால் பெயருக்கு ஏற்றபடி இருக்கின்றனவா?

"தமிழில் கட்டாயம் படிக்க வேண்டிய நாவல்" என்று யாரோ சொன்னதை நம்பி ஒரு புத்தகத்தை எடுத்து, ஐம்பது பக்கத்திலேயே மூடிவைத்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. எல்லாரும் புகழும் நூல் தமக்குப் பிடிக்கவில்லை என்று வெளியில் சொல்லப் பலரும் கூச்சப்படுகிறார்கள். சிலர் அத்தோடு தமிழ் நாவல் பக்கமே திரும்புவதில்லை. இழப்பு அங்கேதான் இருக்கிறது.

எல்லா நாவலும் ஒரே காரணத்துக்காகப் புகழப்படுவதில்லை. மூன்று நாவல்களை எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

முதல் நாவல் என்ற பெயர்

மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-இல் நூலாக வெளிவந்தது. தமிழின் முதல் நாவல் என்ற பெருமை இதற்கு உண்டு. செய்யுளுக்கே மதிப்பு இருந்த காலத்தில், முன்சீப்பாகப் பணியாற்றிய ஒருவர் உரைநடையில் நீண்ட கதை எழுதியது பெரிய முயற்சி.

இன்றைய நாவலை எதிர்பார்த்துத் திறப்பவர் ஏமாறுவார். கதைக்குள் கதை வரும். நடுவே அறிவுரை நீளும். ஆனால் ஞானாம்பாள் ஆண் வேடத்தில் அரசாளும் பகுதியும், ஆங்காங்கே வரும் நகைச்சுவையும் இன்றும் சுவைக்கின்றன. முழுதாகப் படிக்க முடியாதவர்கள் இப்பகுதிகளை மட்டும் படித்தாலும் பயன் உண்டு.

வாசகர்கள் தந்த பெயர்

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950-இல் வார இதழில் தொடராகத் தொடங்கி, 1954 வரை ஓடியது. ஐந்து பாகங்கள். 2022, 2023-இல் வந்த திரைப்படங்களுக்குப் பிறகு, முன்பு தமிழ் நாவல் படிக்காத இளையோரும் இதைக் கையில் எடுத்தனர்.

அடுத்த வாரம் வரை வாசகரைக் காத்திருக்க வைக்கவே அத்தியாயங்கள் பரபரப்பாக முடிகின்றன. மொத்தமாகப் படிக்கும்போது இது சிலருக்கு அலுப்புத் தரலாம். ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதற்கு ஐயமற்ற விடையும் கிடைக்காது. ஆயினும் கதையோட்டத்தில் இந்த நாவல் பெற்ற பெயர் பொய்யில்லை. நாளுக்குச் சில அத்தியாயங்கள் என்று படிப்பதே இதற்கு ஏற்ற முறை.

தாமதமாக வந்த பெயர்

ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' நமக்கு மிக நெருக்கமானது. 1920-இல் சிங்கம்புணரியில் பிறந்த சிங்காரம், இளவயதில் பிழைப்புக்காக இந்தோனேசியாவின் மெடானுக்குச் சென்றவர். போர் முடிந்ததும் 1946-இல் ஊர் திரும்பி, மதுரையில் நாளிதழ்ப் பணியில் இருந்தார். 1962-இல் எழுதிய இந்த நாவல் அச்சேறப் பத்தாண்டுகள் ஆயின, 1972-இல்தான் நூலானது. அவர் எழுதியவை மொத்தம் இரண்டே நாவல்கள். மற்றது 'கடலுக்கு அப்பால்'. 1997-இல் அவர் மறைந்த பிறகே பரவலான வாசகர்கள் இவரைத் தேடி வந்தனர்.

இது எளிய நாவல் இல்லை. மெடானில் நடக்கும் காட்சி திடீரென மதுரைத் தெருவுக்குத் தாவும். பினாங்கு நண்பர்கள் தமிழ்ப் பெருமையைக் கேலி செய்யும் பேச்சு பக்கம் பக்கமாக நீளும். பெண் பாத்திரங்கள் மிகக் குறைவு. இக்காரணங்களால் பாதியில் நிறுத்துவோரைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் ஜப்பான் காலம், தொங்கான் பயணம், வட்டிக் கடைப் பேச்சு, இந்திய தேசிய ராணுவம் ஆகியவற்றை நம் வீட்டுப் பெரியவர்கள் வாயால் கேட்டவர்கள் நாம். அந்தத் தலைமுறை வேகமாக மறைந்து வருகிறது. அவர்கள் சொல்லாமல் விட்டதையும், வீரக்கதையாக மாற்றாமல், இந்த நாவல் காட்டுகிறது. தமிழகத்து வாசகர் தடுமாறும் சில இடங்களில் நாம் எளிதாக நடந்துவிடலாம்.

என்ன செய்யலாம்?

ஒரு நாவலை எடுக்குமுன் அது எதற்காகப் புகழப்படுகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நூறு பக்கம் பொறுமை காட்டுங்கள். அதற்கும் மேல் பிடிக்கவில்லை என்றால் தயங்காமல் மூடிவிட்டு வேறொன்றை எடுங்கள். இருபது வயதில் சலித்த புத்தகம் நாற்பதில் பிடித்துப்போவதும் உண்டு. பிள்ளைகள் "போர் அடிக்கிறது" என்றால் கடிந்துகொள்ளாமல் எந்த இடத்தில் என்று கேளுங்கள். அந்தப் பேச்சிலேயே அடுத்து எதைக் கொடுக்கலாம் என்று தெரிந்துவிடும்.