விதைக்கு விட்ட காய்

திரட்சியான பீர்க்கங்காய் ஒன்றைப் பறிக்காமல் கொடியிலேயே முற்றவிடுவதை ‘விதைக்கு விடுவது’ என்பார்கள். எந்தக் காயை விடுவது என்று காலங்காலமாக முடிவெடுத்தவர்கள் பெண்கள். காய்ந்த கூட்டை அடுப்புக்கு மேலே கட்டினார்கள். புகை பூச்சியை அண்டவிடாது. கத்தரி விதையைச் சாம்பலில் புரட்டினார்கள். பூசணி விதையைச் சாணத்தில் பதித்துச் சுவரில் அப்பினார்கள். ஆடிப்பட்டத்தில் அவை வீட்டுக்கு வீடு கைமாறின.

இதைப் பயிர்த் தேர்வின் வரலாறாகவே நான் வாசிக்கிறேன். 2001ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம், மரபு ரகங்களைப் பேணிக் காப்பவரையும், அவற்றின் நற்குணம் கண்டு தேர்ந்தெடுத்து மேம்படுத்துபவரையும் விவசாயி என்றே வரையறுக்கிறது. அந்த வரையறை பட்டா கேட்கவில்லை. நாம்தான் அவரை இன்னும் ‘வீட்டில் சும்மா இருக்கிறவர்’ என்கிறோம்.