தேவைப் பட்டியல், 1941

மென்பொருள் எழுதுவதற்கு முன்னால் பயனரிடம் போய் 'உங்களுக்கு என்ன வேணும்?' என்று கேட்க வேண்டும். பல்கலைக்கழகத்தில் ஒரு செமஸ்டர் முழுக்க இதைத்தான் படித்தோம். ஆனால் என்னை நிறுத்திய முதல் தேவைப் பட்டியல் மென்பொருளுக்கானது இல்லை. 1941இல் கிள்ளான் மாவட்ட ரப்பர் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் வைத்த கோரிக்கைகள் அவை.

கூலி உயர்வு அதில் உண்டு. கள்ளுக்கடையை மூட வேண்டும், துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கச் சொல்லக் கூடாது என்பதும் உண்டு. கூடவே, பிள்ளைகளுக்கு ஒழுங்கான கல்வி. அப்போ பள்ளியே இல்லையா? இருந்தது. 7 முதல் 14 வயதுக்குள் 10 பிள்ளைகள் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1912லேயே சட்டம் வந்துவிட்டது. பள்ளி என்று ஒரு கொட்டகை. வாத்தியார் என்று பல இடங்களில் கங்காணியோ கிராணியோ. சட்டப்படி எல்லாம் சரி. பிள்ளையை அங்கே அனுப்பியவர்களுக்குத்தான் அது சரியில்லை என்று தெரியும்.

கேட்டதற்குக் கிடைத்தது என்ன? தலைவர் ஆர்.எச். நாதன் மே மாதம் கைதாகி, நாடு கடத்தப்பட்டார். ராணுவம் இறங்கியது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள்.

மென்பொருள் வடிவமைப்பில் பயனருக்கும் இடம் வேண்டும் என்ற எண்ணம் வளர்ந்ததும் தொழிற்சங்கத்தில்தான். 1970களின் தொடக்கத்தில் நார்வேயில், சிமுலா நிரல்மொழியை உருவாக்கியவர்களில் ஒருவரான கிறிஸ்டன் நைகார்ட், இரும்பு உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு உட்கார்ந்து வேலை செய்தார். எங்கள் பாடப்புத்தகத்தில் சிமுலா இருந்தது, சங்கம் இல்லை.

நம் நாட்டில் 2012 வாக்கில் 10,000 பள்ளிகளுக்கு ஃப்ராக் மெய்நிகர் கற்றல் தளம் வந்தது. இங்கிலாந்துப் பள்ளிகளுக்காக உருவானது. அதன் பயன்பாடு 0.01 முதல் 4.69 விழுக்காடு வரைதான் என்று கணக்காய்வாளர் அறிக்கை சொன்னது. 2019இல் அதை நிறுத்திவிட்டார்கள்.

கிள்ளானுக்கு வடக்கே கோல சிலாங்கூர். நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமான தென்னமரம், 1917இல் உருவானது இங்கேதான். அந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் என் அக்கா வீடு. 2020 முடக்கத்திலும் செம்பனை வேலை நிற்கவில்லை. வீட்டில் ஒரே கைப்பேசி, அதை மாமா வேலைக்கு எடுத்துப் போய்விடுவார். மூன்று பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான்.

நான் அப்போது ஒரு கற்றல் செயலியில் வேலை செய்துகொண்டிருந்தேன். எங்கள் பட்டியலில் நேரலை வகுப்பு இருந்தது, வருகைப் பதிவு இருந்தது. அக்காவின் நடுப்பிள்ளையிடம் என்ன வேணும் என்று கேட்டேன்.

"டீச்சர் பேசுறது அப்பா வந்தப்புறமும் இருக்கணும் மாமா. டேட்டா முடியக் கூடாது."

மறுநாள் கூட்டத்தில் அதை அப்படியே சொன்னேன். அடுத்த வெர்ஷனில் பார்க்கலாம் என்றார்கள்.